திரும்பிப் போகும் பஸ்ஸில் பேசுகிறார்கள்!

கல்யாணப் பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் பெண்ணின் அப்பா நிற்கிறார். வருகிறவர்களையெல்லாம் கும்பிட்டு, "சாப்பாடு திருப்திதானே?" என்று கேட்கிறார். "பிரமாதம் அண்ணாச்சி, ஒரு குறை இல்லை" என்கிறார்கள். அத்தனை பேரும் அதையே சொல்கிறார்கள். அவருக்கு முகம் மலர்ந்துபோகிறது. அதே ஆட்கள் ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் வண்டி ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்ததும் பேச்சு ஆரம்பிக்கிறது. "சாம்பார்ல உப்பே இல்லை, பாத்தியா?" "வத்தக்குழம்பு ஜோரு. ஆனா ரெண்டாந்தரம் எட்டிக்கூடப் பாக்கலையே." "பாயசம் ஆறிப்போச்சு மதினி, இலையில விட்டா ஓடவே இல்லை." ஆண்டாள் கோயில் கோபுரம் கண்ணில் படுவதற்குள் அந்தப் பந்தியின் ஜாதகம் முழுவதும் எழுதப்பட்டுவிடுகிறது.

பெண்ணின் அப்பாவுக்கு மட்டும் அது கடைசிவரை தெரியாது.

தம்பி, தங்கச்சி, உன் பொருளைப் பற்றி, அதன் மேல் நீ ஒட்டுகிற லேபிளைப் பற்றி, பாக்கெட்டுக்குள் மடித்துப் போடுகிற துண்டுச் சீட்டைப் பற்றிய உண்மையெல்லாம் அந்தப் பஸ்ஸில்தான் போய்க்கொண்டிருக்கிறது. நீயோ இன்னும் கை கழுவும் இடத்தில் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறாய். இறங்கி வா. அந்தப் பஸ்ஸில் ஏறு!

எனக்கு ராஜபாளையத்தில் அச்சகம். இருபது வருஷத்துக்கு மேலாயிற்று. மசாலாப் பொடி, அப்பளம், ஊறுகாய், நைட்டி, பேண்டேஜ் துணி என்று இந்த வட்டாரத்தில் விற்பனைக்குப் போகிற சரக்குகளில் பலவற்றின் லேபிள் என் மெஷின் வழியாகப் போயிருக்கிறது. அச்சடிக்கும் முன் ப்ரூஃப் கொடுப்பேன். அந்த ப்ரூஃப் யார் யார் கைக்குப் போகிறது தெரியுமா? முதலாளி பார்ப்பார். கணக்குப்பிள்ளை பார்ப்பார். கோயம்புத்தூரில் படித்த மச்சினன் வாட்ஸாப்பில் பார்த்து, "எழுத்து இன்னும் ஸ்டைலா இருக்கலாம்" என்பான். ஜோசியரிடம் காட்டி நிறத்தை மாற்றியவர்கள்கூட உண்டு. காசு கொடுத்து அந்தப் பாக்கெட்டை வாங்கி, அடுப்படியில் பிரித்து, அதைப் படித்துச் சமைக்கப்போகிற ஒரு பெண்ணிடம் ப்ரூஃபைக் காட்டியவரை இந்த இருபது வருஷத்தில் என் ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம்.

ஏன் காட்டவில்லை? நேரமில்லை, ஆள் இல்லை, அதெல்லாம் பெரிய கம்பெனிக்காரன் செய்கிற வேலை என்று நூறு காரணம் சொல்வாய். பொய். பயம். அவள் உதட்டைப் பிதுக்கிவிடுவாளோ என்கிற பயம். "இது என்னங்க, ஒண்ணும் விளங்கலையே" என்றால் மூன்று மாத உழைப்பு சரிந்துவிடுமோ என்கிற பயம். ஒப்புக்கொள். நான் ஒப்புக்கொள்கிறேன், எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அதற்கு நான் கொடுத்த விலையைச் சொல்கிறேன்.

ஒரு அக்கா சத்துமாவு போட்டார். கேழ்வரகு, கம்பு, பொட்டுக்கடலை, முளைகட்டிய பாசிப்பயறு எல்லாம் வறுத்து அரைத்த மாவு. சுய உதவிக் குழுவில் பத்துப் பெண்கள். மாவு நன்றாக இருக்கும். என் வீட்டிலும் அதுதான். செய்முறைச் சீட்டு எழுதித் தரச் சொன்னார். எனக்குத் தமிழ் கொஞ்சம் அழகாக வரும் என்று ஒரு கர்வம். உட்கார்ந்து எழுதினேன். "கொதிக்கும் நீரில், முன்னதாகக் குளிர்ந்த நீரில் கட்டியின்றிக் கரைத்து வைக்கப்பட்ட இரண்டு மேசைக்கரண்டி மாவினைச் சேர்த்துக் கிளறவும்." படித்துப் பார்த்தேன், தேன் மாதிரி இருந்தது. ஐயாயிரம் சீட்டு அடித்தேன்.

ரெண்டே மாதத்தில் பாக்கெட் திரும்பி வர ஆரம்பித்தது. "கட்டி தட்டுது." அக்கா என்ன செய்தார்? மாவை மாற்றினார். கம்பைக் குறைத்தார். மில்லை மாற்றினார். சல்லடையை மாற்றினார். கைக்காசு கரைந்தது. கட்டி மட்டும் கரையவில்லை. கடைசியில் ஒருநாள் அலுத்துப்போய், "வாங்க அண்ணாச்சி, வாங்கினவங்க வீட்டுக்கே போய்ப் பாத்துருவோம்" என்றார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தெரு. வாசலில் கோலம் காயவில்லை. எழுபது வயதுப் பாட்டி. பேத்திக்குக் கஞ்சி காய்ச்சுகிறவர். "எங்க முன்னாடி ஒருதரம் செஞ்சு காட்டுங்கம்மா" என்றோம். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் சீட்டை ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டுப் படித்தார்.

"கொதிக்கும் நீரில்." அடுப்பைப் பற்றவைத்துத் தண்ணீரை ஏற்றினார். அது கொதித்தது. அடுத்து, "முன்னதாகக் குளிர்ந்த நீரில்." நிமிர்ந்து பார்த்தார். "அதான் கொதிக்குதே, இனிமே எங்க குளிர்ந்த நீரு?" அதை விட்டுவிட்டார். "இரண்டு மேசைக்கரண்டி." சுவரில் தொங்கிய கரண்டிகளை ஒரு பார்வை பார்த்தார். மேசை அந்த வீட்டிலேயே கிடையாது. குழம்புக் கரண்டியை எடுத்து ரெண்டு கரண்டி மாவை அள்ளிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டார். அவ்வளவுதான். உருண்டை உருண்டையாகத் திரண்டு மிதந்தது. நான் அந்தப் பானையைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம் பாட்டி சொன்னதுதான் இன்றைக்கும் என்னைக் குத்துகிறது. "உங்க மாவுல குத்தமில்லப்பா. எனக்குத்தான் பக்குவம் தெரியலை."

கேட்டாயா? தப்பு செய்தவன் நான். பழியை ஏற்றுக்கொண்டது அவர். நம் ஊர் வாடிக்கையாளரின் குணம் இது. விருந்தாளியாக வந்தவன் மனம் நோகக்கூடாது என்று தன்மேலேயே போட்டுக்கொள்வார்கள். மனதுக்குள் மட்டும் முடிவு செய்துவிடுவார்கள், அடுத்த மாதம் இந்தப் பாக்கெட் வேண்டாம் என்று. உனக்குச் சொல்லாமலே போய்விடுவார்கள். புகார் சொல்கிறவன் இன்னும் உன் வாடிக்கையாளன். சத்தமில்லாமல் போனவன்தான் உன் நஷ்டம்.

அன்றைக்கு இன்னும் ரெண்டு வீட்டுக்குப் போனோம். அங்கேயும் அதே கதை, அதே கட்டி. மூன்றாவது வீட்டில் கூடவே வேறொன்றும்: அந்த வீட்டில் பேசுவது தெலுங்கு; அம்மாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. எட்டாவது படிக்கிற பையன் படித்துச் சொல்ல, அவர் செய்கிறார். பையன் பள்ளிக்கூடம் போய்விட்டால் சீட்டு வெறும் காகிதம். ராஜபாளையத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். எத்தனை வீட்டில் தெலுங்கு பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். எழுதும்போது ஞாபகம் வரவில்லை. ஏனென்றால் நான் எழுதியது அவருக்காக இல்லை, என் தமிழுக்காக.

சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினோம். முதலில் டம்ளரில் பச்சைத் தண்ணீர். அதில் மாவைக் கரையுங்கள். பிறகு அடுப்பில் வையுங்கள். அளவுக்கு எவர்சில்வர் காப்பி டம்ளர். அது இல்லாத வீடு இல்லை. பக்கத்திலேயே படம். கை செய்கிற வரிசையில் சொல் வரவேண்டும், அவ்வளவுதான் சூட்சுமம். கட்டி என்று பாக்கெட் திரும்பி வருவது நின்றுபோனது. மாவு பழைய மாவுதான். கம்பைக்கூடப் பழைய அளவுக்கே ஏற்றிவிட்டார் அக்கா.

இதைப் பெரிய கம்பெனிகளில் பண்புசார் ஆய்வு என்கிறார்கள். எத்தனை பேர் வாங்கினார்கள் என்று எண்ணுவது ஒரு வேலை. ஏன் வாங்கினார்கள், பிரித்ததும் என்ன செய்தார்கள், எந்த இடத்தில் முழித்தார்கள், எதை நினைத்து விட்டுவிட்டார்கள் என்று கூட உட்கார்ந்து கேட்பது இன்னொரு வேலை. இரண்டாவதுக்குக் கம்ப்யூட்டர் வேண்டாம், காது வேண்டும். அதைவிட முக்கியமாக, கேட்டதைத் தாங்குகிற நெஞ்சு வேண்டும்.

அந்த நெஞ்சுக்கு ஒரு பெயர் சொல்லவா? கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம். வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தவர். 1998-ல் கல்யாணம். மனைவி சாந்தி மாதவிலக்குக்குப் பழந்துணியை மறைத்து எடுத்துப் போவதைப் பார்த்துவிட்டு, கடையில் விற்கிற நாப்கினை ஏன் வாங்கவில்லை என்று கேட்கிறார். அதை வாங்கினால் வீட்டுக்குப் பால் வாங்க முடியாது என்கிறார் அந்தம்மா. சரி, நானே செய்கிறேன் என்று பஞ்சை வைத்து ஒன்று செய்து கொடுத்து, எப்படி இருக்கிறது என்று உடனே சொல் என்று நிற்கிறார். மாதவிலக்கு வரும்வரை காத்திருக்கவேண்டும் என்பதுகூட அவருக்குத் தெரியாது. அந்த அளவுக்குத் தெரியாதவர். ஆனால் கேட்கத் தெரிந்தவர்.

அந்தப் பஞ்சு நாப்கின் தோற்றது. அவருடைய சகோதரிகள் வாய் திறக்கவில்லை. மருத்துவக் கல்லூரி மாணவிகளிடம் கொடுத்து, கருத்துச் சொல்ல அச்சடித்த படிவமும் கொடுத்தார். படிவங்கள் நிரம்பி வந்தன. அவருக்குச் சந்தோஷம். ஒருநாள் போய்ப் பார்க்கிறார். அத்தனை பேருக்கும் சேர்த்து ரெண்டு மூன்று பெண்கள் உட்கார்ந்து மளமளவென்று நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள்! கை கழுவும் இடத்துப் 'பிரமாதம் அண்ணாச்சி' அங்கேயும் வந்துவிட்டது பார். நீயும் நானும் என்ன செய்திருப்போம்? படிவத்தைக் கட்டி வைத்துக்கொண்டு, நூற்றுக்கு நூறு பேர் பாராட்டினார்கள் என்று போஸ்டர் அடித்திருப்போம். அவர் படிவத்தை நம்பவில்லை. கால்பந்து பிளாடரில் ஆட்டு ரத்தத்தை ஊற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, தான் செய்த நாப்கினைத் தானே போட்டுக்கொண்டு சைக்கிள் மிதித்தார். ஊர் சிரித்தது. மனைவி விட்டுப் போனார். பயன்படுத்திய நாப்கின்களைச் சேகரித்து வந்து அவர் பிரித்துப் பார்க்க, அம்மாவும் போனார்.

அவருக்குக் கிடைத்த விடை பஞ்சை நம்பிப் பிழைக்கிற நம் ஊருக்குக் கொஞ்சம் உறைக்கும். பஞ்சு போதாது! பஞ்சு உறிஞ்சும், அழுத்தினால் விட்டுவிடும். பிடித்து வைத்துக்கொள்ள மரக்கூழிலிருந்து வருகிற செல்லுலோஸ் இழை வேண்டும். இதைக் கண்டுபிடிக்கவே ரெண்டு வருஷத்துக்கு மேலானது. பிறகு எளிய மெஷின், 2006-ல் ஐ.ஐ.டி. மெட்ராஸ் பரிசு, 2016-ல் பத்மஸ்ரீ. சாந்தியும் திரும்பி வந்தார். விருதை விடு. பொய்ப் படிவத்தைக் கண்ணால் பார்த்த அந்த நிமிஷத்தை நினை. அந்த நிமிஷத்தில் இடிந்து உட்காராமல், 'சரி, கேட்ட முறை தப்பு, வேறு மாதிரி கேட்கிறேன்' என்று எழுந்த மனசு இருக்கிறதே, அதற்குத்தான் தன்னம்பிக்கை என்று பெயர். தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று 'நான் வெல்வேன், நான் வெல்வேன்' என்று பத்துத்தரம் சொல்லச் சொல்கிற புத்தகங்களை நானே அச்சடித்திருக்கிறேன். காகிதம் நல்ல காகிதம்.

கண்ணாடி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரனுக்குச் சொல்லவேண்டியதில்லை. பெருமாளுக்குக் கட்டிய மாலையைச் சூடிக்கொண்டு, பொருத்தமாக இருக்கிறதா என்று ஆண்டாள் அழகு பார்த்த கண்ணாடிக் கிணறு இன்றைக்கும் கோயிலில் இருக்கிறது. பெரியாழ்வார் பதறிப்போய் வேறு மாலை கட்டிக்கொண்டு போனால், அவள் சூடியதுதான் வேண்டும் என்று பெருமாள் சொன்னதாகத் தல வரலாறு. பக்தியை வியாபாரத்தோடு முடிச்சுப் போடுகிறானே என்று கோபிக்காதே. ஒன்றைக் கொடுக்கிறதற்கு முன்னால், பெறுகிறவரின் கண்ணால் அதை ஒருதரம் பார்ப்பது இந்த மண்ணுக்குப் புதிதில்லை என்கிறேன், அவ்வளவுதான்.

வடக்கே மதுரைக்கு வா. டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசு வேலையில் ஓய்வு பெற்று, 58 வயதில், 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கிராமம் கிராமமாக முகாம். கண்புரை அறுவைச் சிகிச்சை இலவசம். இலவசம் என்றால் கூட்டம் அம்ம வேண்டாமா? அம்மவில்லை. ஆபரேஷன் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தும் பலபேர் வரவில்லை. 'ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை' என்று பேட்டி கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். இன்றைக்கும் பலர் அதைத்தான் செய்கிறார்கள். விழிப்புணர்வு இல்லை என்பது சோம்பேறி சொல்கிற காரணம். அரவிந்த்காரர்கள் வராதவர்களின் வீட்டுக்கே போய்க் கேட்டார்கள். கொஞ்சம் பார்வை இருக்கிறது, போதும் என்றார்கள் சிலர். பயம் என்றார்கள் சிலர். கூட வர ஆளில்லை, வீட்டை விட்டு வர முடியாது என்றார்கள் சிலர். ஏறத்தாழ நாலில் ஒருவர் சொன்னது இது: ஆபரேஷன் இலவசம்தான், பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் காசு எங்கே?

நோட்டீஸில் 'இலவசம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும் அந்த விவசாயத் தொழிலாளியின் கணக்கில் அது இலவசமாக இல்லை. முகாமிலிருந்தே நோயாளிகளை வண்டியில் ஏற்றி, சாப்பாடு போட்டு, தங்கவைத்து, ஆபரேஷன் முடித்து, ஊருக்குத் திரும்பக் கொண்டுவந்து விடுகிற ஏற்பாடு அப்படித்தான் அங்கே வேரூன்றியது. வெளிநாட்டுக்காரர்கள் வந்து பாடம் படிக்கிற முறை அது. ஆரம்பம் என்ன? வராதவனிடம் போய், கோபப்படாமல், 'ஏன்யா வரலை?' என்று கேட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது பங்களாதேஷ். 1980-ல் பிராக் என்ற அமைப்பு வீடு வீடாகப் போய்த் தாய்மார்களுக்கு வயிற்றுப்போக்குக் கரைசல் செய்யக் கற்றுக்கொடுத்தது. மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். சொல்லிக்கொடுத்த பெண்ணுக்குச் சம்பளம் எப்படி? எத்தனை வீட்டுக்குப் போனாள் என்பதை வைத்து இல்லை. பிறகு வேறொருவர் போய்க் கேட்கும்போது அந்தத் தாய் எவ்வளவு சரியாகச் சொல்கிறாள், செய்து காட்டுகிறாள் என்பதை வைத்து! நினைத்துப் பார், லேபிளைப் படித்தவருக்கு எவ்வளவு விளங்கியதோ அந்த அளவுக்குத்தான் காசு என்று என்னிடம் ஒருவர் சொல்லியிருந்தால், 'மேசைக்கரண்டி' என்று நான் எழுதியிருப்பேனா? அங்கேயும் தாய்மார்கள் ஒப்பித்தார்களே தவிர, பிள்ளைக்கு வயிறு போனபோது பலர் கரைசலைக் கொடுக்கவில்லை. மறுபடியும் போய்த் துருவினார்கள். கற்றுக்கொடுத்தவர்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை, தங்களுக்கு வந்தால் மாத்திரைதான் சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்தது. வீட்டு ஆண்களிடம் யாரும் பேசவே இல்லை என்றும் தெரிந்தது. ரெண்டையும் சரிசெய்தார்கள். பத்து வருஷத்தில் 1 கோடியே 20 லட்சம் வீடுகளைத் தொட்டார்கள்.

ஐரோப்பாவில் 2005-லிருந்து மருந்துப் பெட்டிக்குள் வைக்கிற சீட்டை ஜனங்களிடம் படிக்கக் கொடுத்துச் சோதிக்காமல் மருந்து விற்கவே முடியாது. கேட்கிற தகவலைப் பத்தில் ஒன்பது பேர் சீட்டில் தேடிக் கண்டுபிடிக்கவேண்டும். கண்டுபிடித்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அது விளங்கியிருக்கவேண்டும். சோதனைக்கு எத்தனை ஆயிரம் பேர் தெரியுமா? வழக்கமாகப் பத்துப் பேர், திருத்திவிட்டு இன்னொரு பத்துப் பேர். இருபது! உன் தெருவில் இருபது வீடு இல்லையா?

இப்போது உன் ஊருக்கு வருகிறேன். தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிறாய். வாங்கினவள் ரெண்டு சலவைக்கு அப்புறம் அதை எப்படிப் போட்டுக்கொள்கிறாள், எங்கே ஊக்கு குத்துகிறாள் என்று பார்த்ததுண்டா? அவள் ஊக்கு குத்துகிற இடம்தான் நீ தைக்காமல் விட்ட இடம். சத்திரப்பட்டியில் விசைத்தறி ஓட்டிப் பேண்டேஜ் துணி நெய்கிறாய். ராத்திரி ரெண்டு மணிக்குக் கையுறை ஈரமாயிருக்க அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கிற நர்ஸிடம், 'எந்த முனையில கிழிக்கிறீங்கம்மா, மேலே போட்டிருக்கிற அளவு கண்ணுக்குத் தெரியுதா?' என்று கேட்டதுண்டா? ஏஜென்ட் சொல்வார் என்கிறாயா? ஏஜென்டுக்கு விலைதான் தெரியும். காயத்துக்குக் கட்டுப் போடுகிறவர் ஏஜென்ட் இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை எடுத்துக்கொள். அதற்காகப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர். பாலும் சர்க்கரையும் தவிர வேறொன்றும் இல்லாமல் விறகடுப்பில் கிண்டிக் கிண்டி இறக்குகிற பண்டம். ருசியில் உனக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டாம். ஆனால் சாயங்காலம் கடை வாசலில் அரைமணி நேரம் சும்மா நின்று பார். சென்னைக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ் பிடிக்கப் போகிறவர்கள் அவசர அவசரமாக வருவார்கள். காசை எடுக்கிறதற்கு முன் கேட்பார்கள்: "எத்தனை நாள் தாங்கும்? ஃபிரிட்ஜில வைக்கணுமா? வச்சா கெட்டியாயிருமே, அப்புறம் சூடு பண்ணலாமா?" ஒரு நோட்டில் அந்தக் கேள்விகளை அவர்கள் வாயில் வந்தபடியே எழுது. நாற்பது பேர் கேட்டதை எழுதினால் நாலைந்து கேள்விகளே திரும்பத் திரும்ப வரும். அந்தக் கேள்விகளுக்கான பதில்தான் உன் பெட்டியின் மேல் மூடியில் இருக்கவேண்டியது. சில்லறையில் தட்டில் வைத்து விற்கிற இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிடவேண்டும் என்று எழுதி வைக்கச் சொல்லி 2020 அக்டோபர் 1 முதல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி கொண்டுவந்தது. விதிக்குப் பயந்து மூலையில் எறும்பு சைஸில் ஒரு தேதி போடுகிறவன் இருக்கிறான். பேரன் கைக்குக் கொடுக்கலாமா என்று யோசிக்கிற பாட்டியின் கண்ணுக்குத் தெரிய எழுதுகிறவன் இருக்கிறான். நீ யார்?

கேட்கப் போகிறாயா, போ. ஆனால் 'நல்லாயிருக்கா?' என்று மட்டும் கேட்காதே. அந்தக் கேள்விக்கு நம் ஊரில் ஒரே பதில்தான் உண்டு, அது பதிலும் இல்லை. 'கடைசியா எப்ப செஞ்சீங்க? அன்னிக்கு என்ன நடந்துச்சு?' என்று கேள். நடந்ததைச் சொல்லும்போது யாருக்கும் முகத்தாட்சண்யம் வராது. 'இந்தச் சீட்டைப் படிச்சு நீங்க என்ன செய்வீங்கன்னு எனக்குச் சொல்லுங்க' என்று கேள். சொந்தக்காரனிடம் கேட்காதே, அவன் உன் வீட்டுக் கல்யாணத்துக்கு வரவேண்டும். கடனுக்குச் சரக்கு எடுக்கிறவனிடமும் கேட்காதே. முடிந்தால் நீ முதலாளி என்பதே தெரியவேண்டாம். வாங்கிக்கொண்டிருக்கிறவரைவிட வாங்குவதை நிறுத்தியவரைத் தேடிப் போ. அந்தக் கதவைத் தட்டக் கை கூசும், கூசட்டும், தட்டு.

அப்புறம், வாயை மூடு. இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். அவர் தப்பாகச் செய்வதைப் பார்த்ததும் 'அப்படி இல்லம்மா, இப்படி' என்று உன் கை முன்னால் போகும். பின்னால் கட்டிக்கொள். ஒவ்வொரு வீட்டுக்கும் கூடவே போய் விளக்கம் சொல்ல உன்னால் முடியுமா? உன் லேபிள் தனியாகத்தான் போகப்போகிறது. அது தனியாக எங்கே தடுக்கி விழுகிறது என்று பார்க்கத்தான் நீ போயிருக்கிறாய். அவர் பேச்சை நிறுத்தினதும் உடனே அடுத்த கேள்வியைப் போடாதே. பத்து எண்ணு. அந்தப் பத்துக்குள் வருகிற வாக்கியம்தான் பஸ்ஸில் பேசப்படுகிற வாக்கியம். அதை உன் நடையில் திருத்தாமல் அவர் சொன்னபடியே எழுதிக்கொள்.

வலிக்கும். முதல் ரெண்டு வீட்டில் ராத்திரி தூக்கம் வராத அளவுக்கு வலிக்கும். உன் சரக்கைச் சொன்னால் உன்னைச் சொன்ன மாதிரி இருக்கும். இங்கேதான் ஒரு கோடு கிழிக்கவேண்டும். நீ வேறு, நீ செய்த மாவு வேறு, மாவின் மேல் ஒட்டிய காகிதம் வேறு. காகிதத்தில் குறை சொன்னவர் உன் பரம்பரையைத் திட்டவில்லை. ஒன்றும் இல்லாதவன் குறையைக் கேட்டால் உடைந்துபோவான். கையில் தொழில் இருக்கிறவன் அதை எடுத்துப் பட்டறையில் வைத்துத் தட்டிச் சரிசெய்வான். உன் கையில் தொழில் இருக்கிறது. இருபது வருஷமாக உன் லேபிளை அடிக்கிற நான் சொல்கிறேன், இருக்கிறது. அப்புறம் என்ன நடுக்கம்?

ஒன்று மட்டும் ஜாக்கிரதை. கேட்டதையெல்லாம் செய்யவேண்டும் என்றில்லை. ஒருத்தர் இனிப்பு கூட என்பார், அடுத்தவர் குறைவு என்பார். அவர்கள் சொல்கிற மருந்தை விட்டுவிட்டு அவர்கள் காட்டுகிற வலியைப் பிடி. 'மாவை இன்னும் நைசா அரைங்க' என்றுதான் ஆறேழு பேர் அக்காவிடம் சொல்லியிருந்தார்கள். அக்கா அரைத்தார். பாட்டி அடுப்படியில் அல்லவா தெரிந்தது, வலி மாவில் இல்லை, என் வாக்கியத்தில் என்று.

போன மாதம் அதே அக்கா புட்டுமாவு போடப்போகிறேன் என்று வந்தார். இந்தத் தடவை சீட்டை அவரே எழுதி எடுத்து வந்திருந்தார். ஆறே வரி. எனக்குக் கை அரித்தது, ஒரு சொல்லைக்கூடத் தொடவில்லை. ப்ரூஃப் கொடுத்தேன். ரெண்டு நாள் ராஜபாளையத்தில் நாலு வீடு பார்த்துவிட்டு, ஒரு சொல்லை மாற்றி, அடிக்கச் சொல்லிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினார். பிளேட் போட்டு, மை ஏற்றி, மெஷின் ஓட ஆரம்பித்திருந்தது. போன் அடித்தது. பின்னணியில் ஹாரன், கண்டக்டர் விசில், யாரோ ரெண்டு பெண்களின் சிரிப்பு.

"அண்ணாச்சி, மெஷினை நிறுத்துங்க. பக்கத்து சீட்டு அம்மாகிட்டப் படிக்கக் கொடுத்தேன். ரெண்டாவது வரியில 'பிசறி'ன்னு இருக்குல்ல, அதை அவுக 'பிசைஞ்சு'ன்னு படிக்கிறாக."